மாத்து ஷிஃப்டும் மார்கழித் தேரும்

எங்கள் கம்பெனியில் புதிதாகச் சேர்ந்த பிள்ளைகள் சிலர் போன மாதம் என் வீட்டுக்கு வந்திருந்தார்கள். "ஆன்ட்டி, இப்பல்லாம் என்ன வேணும்னு சொன்னாப் போதும், கம்ப்யூட்டரே புரோகிராம் எழுதிக் குடுத்துடுது. நீங்க அப்ரண்டிஸா இருந்தப்ப என்னதான் செஞ்சீங்க?" என்று ஒருத்தி முறுக்கைக் கடித்துக்கொண்டே கேட்டாள். எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. என்ன செய்தேனா? ஒரு பெரிய கம்பெனியின் ஒத்திகையை ஃபெயிலாக்கினேன், கண்ணு. அதற்காகத்தான் எனக்கு வேலையும் கிடைத்தது. அவர்களிடம் சொன்னதை இங்கே எழுதிவிடுகிறேன், இல்லாவிட்டால் ஆளாளுக்கு ஒரு மாதிரி சொல்லித் திரிவார்கள்.

என் பெயர் ஜெயமேரி. ஊர் கடலூர் முதுநகர். பக்கத்தில் குடிகாட்டில் ஒரு கெமிக்கல் கம்பெனியில் கல்யாணத்துக்கு முன்பிருந்தே டெலிபோன் ஆபரேட்டர். பெயரெல்லாம் வேண்டாம், பெரிய கம்பெனி, அவ்வளவு போதும். காதில் ஹெட்போன், வாயில் "ஹலோ, யார் வேணும்?" என்று என் வாழ்க்கை ஓடிக்கொண்டிருந்தது. தொண்டையைச் செருமினாலே ஆள் யாரென்று சொல்லிவிடுவேன். 2005-ல் தானாகவே லைன் கொடுக்கும் இயந்திரம் வந்து இறங்கியது. என் நாற்காலி போயிற்று.

கம்பெனி எனக்கு இரண்டு வழி சொன்னது. விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகலாம். அல்லது புதிதாக ஆரம்பித்த சாஃப்ட்வேர் பிரிவில் அப்ரண்டிஸாகச் சேரலாம். தேறினால் நிரந்தரம், தேறாவிட்டால் அப்போதும் அதே விருப்ப ஓய்வு. எனக்கு அப்போது நாற்பத்திரண்டு வயது. வீட்டில் உட்கார்ந்து சுவரிடமா ஹலோ சொல்வது? அப்ரண்டிஸ் என்று கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தேன். என் வீட்டுக்காரர் அன்று முழுக்க என்னைப் பார்த்துப் பார்த்துச் சிரித்தார். நானும் அவரோடு சேர்ந்து சிரித்தேன், வேறு என்ன செய்வது?

பயிற்சி சிதம்பரத்தில், கீழவீதிப் பக்கம் ஒரு மாடியில். முதுநகர் ஜங்ஷனில் பாசஞ்சர் பிடித்துப் போய்வந்தேன். வகுப்பில் என்னைத் தவிர எல்லாம் காலேஜ் முடித்த சின்னப் பிள்ளைகள். முதல் நாள் மவுஸை நகர்த்திக்கொண்டே போனேன், மேசை முடிந்துவிட்டது. "தம்பி, இதுக்கு மேல எங்க போறது?" என்று கேட்டேன். "தூக்கி நடுவுல வைங்க ஆன்ட்டி" என்றான் பக்கத்தில் இருந்தவன். கம்ப்யூட்டர் தப்பு என்று காட்டும்போதெல்லாம் வாய் தவறி "சாரி சார்" என்று சொல்வேன், வகுப்பே கைதட்டும். அப்படியும் இப்படியுமாகப் புரோகிராம் எழுதக் கற்றுக்கொண்டேன். பயிற்சி முடிந்த அன்று ரயிலில் நின்றுகொண்டே வந்தேன், உட்கார முடியவில்லை, அவ்வளவு குஷி.

திரும்பி வந்தால் எனக்கு மேலதிகாரி ஒரு பெண். சிவகாமி மேடம். சிதம்பரம் தெற்கு வீதி, கோயிலை ஒட்டியே வளர்ந்தவர். வயது இருபத்தெட்டு. என்னைவிடப் பதினாலு வயது சின்னவர். நான் மேடம் என்பேன், அவர் என்னை மேரிம்மா என்பார். ஆனால் வேலை என்று வந்துவிட்டால் அந்த 'ம்மா'வில் சலுகை துளிகூட இருக்காது.

அவர் வேலை வாங்கும் விதம் தனி. யார் கீபோர்டையும் தொடமாட்டார். திரையையும் பார்க்கமாட்டார். நாற்காலியை இழுத்துப் போட்டு, இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு, சன்னல் பக்கம் பார்த்தபடி உட்காருவார். நாம் எழுதின புரோகிராமை முதலிலிருந்து கதை மாதிரிச் சொல்ல வேண்டும். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் அவர் ஒரே ஒரு வார்த்தைதான் சொல்வார்.

நான் முதலில் எழுதியது லீவு புரோகிராம். "ஒருத்தர் லீவு கேக்குறாரு மேடம்."

"அப்புறம்?"

"பாக்கி லீவு இருக்கான்னு பாக்குறோம்."

"அப்புறம்?"

"இருந்தா குடுத்துடுறோம்."

"அப்புறம்?"

"அப்புறம் என்னா மேடம், அவரு போயிட்டு வந்துடுறாரு."

"எங்க வந்தாரு? உங்க புரோகிராம்ல போனவர் போனவர்தான். திரும்பி வர வழியே வைக்கலையே மேரிம்மா."

ஐயோ! பார்த்தால் உண்மைதான். நான் லீவு கொடுத்த அத்தனை பேரும் ஆயுசுக்கும் லீவில் இருந்தார்கள். இப்படித்தான் நம் தப்பை நம் வாயாலேயே சொல்லவைப்பார். எப்போது நாம் கூசாமல் "அவ்வளவுதான் மேடம்" என்று சொல்கிறோமோ, அப்போது எழுந்து போவார். அதுதான் அவரிடம் பாஸ். சில நாள் கனவில்கூட யாரோ "அப்புறம்?" என்று கேட்பது மாதிரி இருக்கும்.

அடுத்து வந்ததுதான் என் தலையெழுத்தைத் தீர்மானித்த வேலை. கெமிக்கல் கம்பெனியில் அவ்வப்போது ஆபத்துக்கால ஒத்திகை நடக்கும். சைரன் ஊதினால் உள்ளே இருக்கும் எல்லாரும் மைதானத்துக்கு ஓடி வந்து வரிசையில் நிற்க வேண்டும். கேட்டில் கார்டு தேய்த்து உள்ளே வந்தவர்களில் யார் மைதானத்துக்கு வந்துவிட்டார்கள், யார் இன்னும் வரவில்லை என்று திரையில் காட்டும் புரோகிராமை என்னிடம் கொடுத்தார்கள். மைதானத்திலும் ஒரு கார்டு மெஷின். தேய்த்தால் பெயர் பச்சை, இல்லாவிட்டால் சிவப்பு.

அதோடு விட்டேனா நான்? ஆபரேட்டர் புத்தி சும்மா இருக்குமா? சுனாமி வந்து போனதிலிருந்து எங்கள் பக்கத்தில் சைரன் சத்தம் கேட்டாலே பொம்பளைகள் வாசலுக்கு ஓடி வந்துவிடுவார்கள். உள்ளே நடப்பது ஒத்திகையா நிஜமா என்று வீட்டிலிருப்பவளுக்கு எப்படித் தெரியும்? அதனால் ஒருவர் பெயர் பச்சையானதும் அவர் வீட்டுக்குத் தானாக ஒரு போன் போகிற மாதிரி எழுதினேன். போனில் பேசும் குரல் என்னுடையதுதான். "வணக்கம். இது ஒத்திகை, பயப்பட வேண்டாம். உங்கள் வீட்டுக்காரர் நலமாக இருக்கிறார்." இதைப் பதிவு செய்த அன்று எனக்கு என் பழைய நாற்காலியே திரும்பக் கிடைத்த மாதிரி இருந்தது. மேடம் மூன்று நாள் சன்னலைப் பார்த்தபடி "அப்புறம்?" கேட்டார். கடைசியில் "அவ்வளவுதான் மேடம்" என்றேன். எழுந்து போய்விட்டார்.

ஜி.எம். சார் கழுத்தில் எப்போதும் ஒரு ஸ்டாப்வாட்ச் தொங்கும். வெளியூரிலிருந்து மாற்றலாகி வந்தவர். ஒத்திகை என்றால் அவருக்குத் திருவிழா. "இந்த ட்ரில் நல்லா நடந்துட்டா நீங்க பர்மனென்ட், மேரி. சொதப்பினா என்னால ஒண்ணும் பண்ண முடியாது" என்று நேராகவே சொல்லிவிட்டார். இன்னொன்றும் எங்களுக்குத் தெரியும். முன்பு இருந்த ஆலையில், அடுத்தவன் கார்டைத் தேய்த்தவனை அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பியவர் அவர்.

இங்கேதான் எங்கள் ஊர் வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். மாத்து ஷிஃப்ட் என்போம். கிறிஸ்துமஸுக்கு எங்கள் ஆட்களுக்குப் பதில் சிதம்பரம் பக்கத்து ஆட்கள் வேலை செய்வார்கள். மார்கழியில் சிதம்பரத்தில் தேர் என்றால் அவர்களுக்குப் பதில் எங்கள் ஆட்கள். முறைப்படி ஷிஃப்ட் மாற்ற வேண்டுமென்றால் ஃபோர்மேன், செக்‌ஷன் ஆபீசர், டைம் ஆபீஸ் என்று ஒவ்வொரு கையெழுத்துக்கும் அலைய வேண்டும். அதனால் "இந்தா மச்சான்" என்று கார்டையே கொடுத்துவிடுவார்கள். வந்தவன் வராதவன் கார்டைத் தேய்த்து உள்ளே போவான். கேட்டில் இருப்பவருக்கும் தெரியும், ஃபோர்மேனுக்கும் தெரியும், மேலே மட்டும் தெரியாது. நான் ஆபரேட்டராக இருந்தபோது தேர் நாளில் பாய்லருக்கு லைன் போட்டு நடராஜனைக் கேட்டால் அந்தோணி குரல்தான் வரும். "சரிண்ணே" என்று பேசிவிட்டு வைப்பேன். இதைப் புரோகிராமில் சேர்க்க வேண்டுமென்று எனக்குத் தோன்றவே இல்லை. மூச்சு விடுவதை யாராவது புரோகிராமில் எழுதுவார்களா?

ஜி.எம். எந்த நாளில் ஒத்திகை வைத்தார் என்று நினைக்கிறீர்கள்? சரியாக மார்கழித் தேர் அன்று. அவருக்கென்ன தெரியும் பாவம்!

காலை டிபன் நேரம் முடிந்ததும் சைரன் ஊதியது. நான் கன்ட்ரோல் ரூமில், போகிற போன்களைக் கேட்க ஹெட்போனோடு. மேடம் என் பின்னால் சன்னலைப் பார்த்தபடி. திரையில் பெயர்கள் ஒவ்வொன்றாகப் பச்சையாகின்றன, போன்கள் தானாகப் பறக்கின்றன. ஒரு தாத்தா என் பதிவுக்குரலோடு சண்டையே போட்டார், "ஒத்திகைன்னா எதுக்கும்மா போன் பண்ற, வேற வேலை இல்லையா?" என்று. எனக்குக் குதிக்க வேண்டும் போலிருந்தது. கடைசிப் பெயரும் பச்சை! மைதானத்தில் ஜி.எம். ஸ்டாப்வாட்சை அமுக்கிவிட்டுக் கட்டை விரலைத் தூக்கிக் காட்டினார். நான் பர்மனென்ட்!

அந்தச் சமயம் ஹெட்போனில் ஒரு பெண் குரல். சிதம்பரத்திலிருந்து, செல்போனில், பின்னணியில் மேளமும் கூட்டச் சத்தமும். பாய்லர் நடராஜன் வீட்டம்மா.

"என்னாது, நலமா இருக்குறாரா? என் பக்கத்துலதான் நின்னுக்குனு சுண்டல் துன்றாரு! யாரும்மா நீ?"

எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. வாயைப் பொத்திக்கொண்டேன். அப்புறம்தான் சிரிப்பு பாதியில் நின்றது. நடராஜன் வீட்டுக்குப் போன் போயிருக்கிறது. அப்படியென்றால் அவர் கார்டோடு உள்ளே நிற்கும் அந்தோணியின் வீட்டுக்குப் போயிருக்காதே. அவர் பெண்டாட்டி ஸ்டெல்லாவுக்குப் போயிருக்காதே.

ஸ்டெல்லா என் தெருக்காரி, என்னைவிட நாலு வயது சின்னவள், சண்டைக்காரி, பாசக்காரி. மெயின் கேட் பக்கம் கூச்சல் கேட்டது. ஓடினேன். ஆட்டோவிலிருந்து இறங்கி நின்றாள். ஒரு காலில்தான் செருப்பு இருந்தது.

"எங்க தெருவுல எல்லாருக்கும் போன் வந்துச்சு. எனக்கு மட்டும் வர்ல. எங்க வூட்டுக்காரருக்கு என்னாச்சு, சொல்லுங்க!"

கேட்டில் இருந்தவர் திரையைப் பார்த்தார். என் புரோகிராம்தான். "அந்தோணி இன்னிக்கி டூட்டிலயே இல்லம்மா. அவருக்கு வீக்லி ஆஃப்" என்றார். அவருக்கு உண்மை தெரியும், ஆனால் ஜி.எம். அந்தப் பக்கம் வந்துகொண்டிருந்தார், வேறென்ன சொல்வார்?

"வர்லியா? காலையில ஷூ போட்டுக்குனு, டிபன் கட்டிக்குனு போனாரே!" அழுகை சட்டென்று நின்றது, முகம் சிவந்தது. "அப்ப எவ வூட்டுக்குப் போனான் அவன்?"

மைதானத்தில் அந்தோணி, கழுத்தில் நடராஜன் கார்டு தொங்க, தன் பெண்டாட்டியைப் பார்த்துவிட்டு ஒரு தடியான ஆள் முதுகுக்குப் பின்னால் குனிந்தார். மற்றவர்கள் வானத்தைப் பார்த்தார்கள். இன்னும் எத்தனை பேர் அப்படி அடுத்தவன் கார்டோடு நின்றார்களோ, அத்தனை பேருக்கும் வியர்த்தது.

"என்ன பிரச்சனை?" என்று ஜி.எம். வந்தார். "யார் இந்தம்மா?"

நான் மட்டும் பேசாமல் இருந்தால் போதும். ஏதோ வீட்டுச் சண்டை என்று ஜி.எம். போய்விடுவார். நான் நிரந்தர ஊழியர். அந்தோணி உள்ளே இருக்கிறார் என்று சொன்னால் அவரும் நடராஜனும் அன்றைக்கே வீட்டுக்கு. சொல்லாவிட்டால் ஸ்டெல்லா? அந்த ஒற்றைச் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தேன். வீட்டிலிருக்கும் பொம்பளை பயப்படக் கூடாது என்றுதானே இதை எழுதினேன்? ஊரில் எல்லாரையும் விட்டுவிட்டு இவளைத்தானே பயமுறுத்தியிருக்கிறது என் புரோகிராம்! எனக்கு என்மேலேயே ஆத்திரமாக வந்தது.

"சார், என் புரோகிராம் ஃபெயிலு" என்றேன்.

"என்ன சொல்றீங்க? எல்லாம் பச்சை."

"எல்லாம் பச்சையா இருக்கறதுதான் சார் தப்பு."

ஜி.எம். என்னை ஒரு மாதிரி பார்த்தார். எங்கிருந்து ஆரம்பிப்பது என்று யோசித்தேன். அப்போது பின்னாலிருந்து அந்தக் குரல்.

"அப்புறம்?"

சிவகாமி மேடம். கையைக் கட்டிக்கொண்டு, கேட்டுக்கு வெளியே எங்கேயோ பார்த்தபடி நின்றார். சரி, இது நமக்குப் பழகினதுதானே என்று ஒரு தெம்பு வந்தது.

"ஒருத்தருக்குப் பதிலா இன்னொருத்தர் வந்தா, அத எங்க சொல்றதுன்னு என் புரோகிராம்ல எடமே இல்ல மேடம்."

"அப்புறம்?"

"எடமில்லாததால வந்தவங்க, வராதவங்க பேர்ல வந்து நிக்கவேண்டியதாயிடுது."

"அப்புறம்?"

"நிஜமா ஏதாவது ஆச்சுன்னா, தேர்ல நிக்கிறவர் வீட்டுக்குச் சாவு சேதி போவும். உள்ள மாட்டிக்குனவர் வீட்டுக்கு ஒரு போன்கூடப் போவாது."

இதற்கு மேடம் 'அப்புறம்' கேட்கவில்லை. ஜி.எம். மெதுவாகத் திரும்பி மைதானத்தில் இருந்த முகங்களைப் பார்த்தார். அவருக்கு விளங்கிவிட்டது என்று அவர் காது சிவந்ததிலேயே தெரிந்தது.

"எத்தனை பேர்?" என்றார்.

மேடம்தான் பதில் சொன்னார். "எத்தனை பேர்னு கேட்டா ஒருத்தர்கூடக் கை தூக்கமாட்டாங்க சார். மாத்திக்கறதுக்கு ஒரு பட்டன் வெச்சுக் குடுத்தா அத்தனை பேரும் அமுக்குவாங்க. யாரு உள்ள இருக்காங்கன்னு உங்களுக்கு நெசமாத் தெரியணுமா, இல்ல யாரைத் தண்டிக்கறதுன்னு தெரியணுமா?"

இருபத்தெட்டு வயசுப் பெண், ஜி.எம்.மிடம்! ஜி.எம். ஸ்டாப்வாட்சைக் கையில் உருட்டிக்கொண்டே நின்றார். பிறகு, "இன்னிக்கு ட்ரில் ஃபெயில். பட்டன் வெச்சுட்டு மறுபடி நடத்துவோம். அதுவரைக்கும் நான் யாரையும் எதுவும் கேக்கல" என்றார். ஸ்டெல்லாவைப் பார்த்து, "நான் அந்தப் பக்கம் திரும்பி நிக்கறேம்மா. உங்க வீட்டுக்காரர் இங்க எங்கயாவது இருந்தா வந்து பேசிட்டுப் போகட்டும்" என்று சொல்லிவிட்டு, நிஜமாகவே முதுகைக் காட்டித் திரும்பி நின்றார்.

அந்தோணி ஓடி வந்தார். ஸ்டெல்லா அவர் மாரில் ஓங்கி ஒரு குத்துவிட்டாள். அதே கையால் அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதாள். மைதானமே விசிலடித்தது. ஜி.எம். திரும்பவே இல்லை. தோள் மட்டும் குலுங்கியது, சிரிக்கிறார் என்று தெரிந்தது.

எனக்கு வேலை உறுதியாகவில்லை. அப்ரண்டிஸ் காலத்தை நீட்டினார்கள். தலைநரைத்த அப்ரண்டிஸ் என்று கேன்டீனில் பட்டப்பெயரே வந்துவிட்டது. யாருக்குக் கவலை? அந்தச் சமயத்தில் நான் கேன்டீனுக்குள் நுழைந்தால் எனக்கு யாராவது ஒரு வடை ஜாஸ்தி வைக்காமல் இருந்ததில்லை. கேட்டில் ஒரு பட்டன் வைத்தேன், 'மாத்து' என்று பெயர். உன் கார்டை நீ தேய், யாருக்குப் பதில் யார் என்று தட்டு, முதல் நாளே தட்டினாலும் சரி, அவ்வளவுதான். சம்பளம் அதுவே கணக்குப் போட்டுக்கொள்ளும். கையெழுத்துக்கு அலைய வேண்டாம். மேடம் "அப்புறம்?" கேட்டுக் கேட்டு என் உயிரை வாங்கினார்.

அடுத்த மார்கழித் தேர். ஜி.எம். வேண்டுமென்றே அன்றைக்குத்தான் மறுபடி ஒத்திகை வைத்தார். முதல் நாளே அந்தோணியும் நடராஜனும் பட்டனை அமுக்கிவிட்டார்கள். இன்னொருத்தரும் அமுக்கியிருந்தார். சிவகாமி மேடம்! வேலைக்கு வந்ததிலிருந்து அவர் தேர் பார்த்ததே இல்லையாம். அவர் பெயருக்கு எதிரே, பதில் ஆள்: ஜெயமேரி. அப்ரண்டிஸ் நான் தனியாக ஒத்திகையை நடத்த வேண்டும்!

சைரன் ஊதியது. பச்சை, பச்சை, பச்சை. நடுவில் மேடம் செல்போனில் கூப்பிட்டார், பின்னால் மேளச் சத்தம் காதைக் கிழித்தது. அந்தச் சத்தத்திலும் அவர் கேட்டது ஒரே வார்த்தைதான்.

"அப்புறம்?"

"எல்லாரும் வந்துட்டாங்க மேடம். நெசமான எல்லாரும். அவ்வளவுதான் மேடம்!" என்று கத்தினேன். அந்தப் பக்கம் அவர் சிரித்ததை அன்றுதான் முதல் தடவையாகக் கேட்டேன். என்னை நிரந்தரமாக்கிய உத்தரவும் அந்த மாதமே வந்துவிட்டது. அதற்குப் பிறகு ஐம்பத்தெட்டு வயது வரைக்கும் அந்த நாற்காலியில் உட்கார்ந்து என்னென்னவோ எழுதினேன். ஆனால் மனசு ததும்புவது அன்றைக்கு வந்த ஒரு போனை நினைத்தால்தான்.

மேடத்திடம் பேசிவிட்டு ஹெட்போனை மாட்டினேன். முதுநகருக்குப் போன லைன் ஒன்றில் என் குரல் பேசிக்கொண்டிருந்தது. "வணக்கம். இது ஒத்திகை, பயப்பட வேண்டாம். உங்கள் வீட்டுக்காரர் நலமாக..."

"அட, இருடீ!" ஸ்டெல்லா என் குரலைக் குறுக்கே வெட்டினாள். "நல்லா இருக்குறாருன்னா சரி. காலையில கோவிச்சுக்குனு வெறும் வயித்தோட போனாரு. துன்னாரா, அதச் சொல்லு."

என் பதிவுக்குரல் அவள் பேச்சை மதிக்காமல் நன்றி வணக்கம் சொல்லிக்கொண்டிருந்தது. எனக்குப் பொறுக்கவில்லை. பதிவை நிறுத்திவிட்டு லைனுக்குள் நானே போனேன், அந்தக் காலத்து ஆபரேட்டர் மாதிரி. "துன்னாருடி. கேன்டீன்ல பொங்கல், வடை. என் வடையும் சேத்துத் துன்னாரு."

அந்தப் பக்கமிருந்து சந்தேகமாக ஒரு குரல்.

"ஏய்... இப்ப பேசுறது மிஷினா, மேரியா?"

"ரெண்டுந்தான்டி" என்றேன்.